ஹிதாயத்தின் சாவை விடுங்க, அந்த ஐம்பது பிரதியைப் பேசுவோம்

சாதிக் ஹிதாயத் பற்றி நம்ம பொடியன்கள் போடுகிற பதிவுகளைக் கவனித்திருப்பீர்கள். வட்டக் கண்ணாடி போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதுக்குக் கீழே தனிமை, வெறுமை, இருள் என்று நாலு வரி. கடைசியில் தவறாமல் 1951, பாரிஸ், தற்கொலை. முடிஞ்சுது. பாரசீக நவீன புனைகதையைத் தூக்கி நிறுத்திய ஒரு எழுத்தாளனை அவன் செத்த விதத்துக்குள் அடக்கி வைத்துவிட்டோம். இதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. இது சாவுக்குச் செய்கிற விளம்பரம். கஷ்டத்தில் இருக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளையொன்று இதைப் பார்த்து, பெரிய எழுத்தாளன் என்றால் இப்படித்தான் முடிய வேண்டுமாக்கும் என்று நினைத்தால் யார் பொறுப்பு?

அவர் வாழ்ந்தது 48 வருடம். 1903 இல் தெஹ்ரானில், பெரிய அதிகாரிகளைத் தந்த குடும்பத்தில் பிறந்தார். அந்தக் குடும்பப் பெயரை வைத்துப் பதவி தேடாமல் வங்கியிலும் அலுவலகங்களிலும் சின்ன உத்தியோகம் பார்த்தார். மிருகங்களைக் கொன்று தின்பதை எதிர்த்து 1927 இலேயே சைவ உணவு பற்றிப் புத்தகம் எழுதினார். கஃப்காவைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். உமர் கையாமின் ருபாயாத்தை ஆராய்ந்து 1934 இல் தொகுத்தார்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1931 இல் ‘அவ்ஸானே’, 1933 இல் ‘நைரங்கிஸ்தான்’ என்று இரண்டு நூல்கள். முதலாவதில் தாலாட்டு, பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு. இரண்டாவதில் சனங்களின் நம்பிக்கைகள், சடங்குகள், சகுனங்கள். படித்த ஆக்கள் வெட்கப்பட்டு ஒதுக்கிய விஷயங்களை இருந்து சேகரித்திருக்கிறார். அந்தக் காதுதான் அவருடைய கதைகளிலும் வேலை செய்தது. ‘அலவிய்யா கானம்’ கதையில் மஷ்ஹதுக்கு ஸியாரத் போகிற சனங்கள் வண்டிக்குள் சண்டை பிடிக்கிறார்கள். அந்த ஏச்சுப் பேச்சை அவர் கழுவித் துடைக்காமல் அப்படியே எழுதினார். இருளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனிசனுக்கு இவ்வளவு துல்லியமான காது வந்திருக்காது.

அடுத்தது ‘குருட்டு ஆந்தை’. ரிஸா ஷாவின் தணிக்கை இருந்த காலம். ஈரானில் அச்சிட வழியில்லை. 1936 இல் பம்பாய் வந்தார். அங்கே ஒரு பார்சி அறிஞரிடம் பழைய பஹ்லவி மொழி படித்தார். அங்கேயே, தன் கையெழுத்தில், ஐம்பது பிரதி மட்டும் உருட்டி எடுத்தார். ஈரானில் விற்பனைக்கில்லை என்று எழுதி வைத்தார். 1941 இல் ரிஸா ஷா பதவி இழந்த பிறகுதான் அது தெஹ்ரானில் பத்திரிகை வழியாக வாசகர்களிடம் போனது. இன்றைக்கு உலகம் முழுக்க வாசிக்கிற ஒரு நாவல், ஐம்பது பிரதியில் இருந்து வந்தது. நம்ம பக்கத்தில் எழுதுகிறவன் என்ன சொல்கிறான்? பதிப்பகம் இல்லை, கொழும்பில் ஆள் இல்லை, ஆதரவு இல்லை. கையில் போன் இருக்கிறதே தம்பி, ஐம்பது பேருக்கு அனுப்ப முடியாதா?

இனி மற்றப் பக்கம். “அவர் தீன் இல்லாத ஆள், அவரை ஏன் வாசிக்கணும்?” என்று கேட்கிறவர்கள் நம்ம ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஹிதாயத்திடம் அரபு வெறுப்பு இருந்தது. 1930 இல் எழுதிய ‘சாஸானின் மகள் பர்வீன்’ நாடகத்திலும், 1933 இல் வந்த ‘மாஸியார்’ நூலிலும் அது பச்சையாகவே தெரியும். இனப்பெருமை தலைக்கேறிய காலத்து எழுத்து அது. இன வெறுப்பு என்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்த நாங்கள் அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதே கை ‘தெருநாய்’ கதையையும் எழுதியது. எசமானைத் தொலைத்த ஒரு நாய், நஜீஸ் என்று சொல்லிச் சொல்லி அதை அடிக்கிற ஒரு சந்தை. தாகத்தில் செத்துக்கொண்டிருந்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த ஹதீஸை ஓதி வளர்ந்த நமக்கு அந்தக் கதை அந்நியமா? ‘ஹாஜி ஆகா’ இன்னும் கிட்ட. பக்தியையும் பணத்தையும் அரசியலையும் ஒரே கல்லாப்பெட்டியில் போட்டு எண்ணுகிற வியாபாரி. 1945 இல் வந்த புத்தகம். அப்படி ஒரு ஆளை நீங்கள் பார்த்ததே இல்லையா? வாசிக்காதே என்கிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது.

கும்பிடுகிறவனும் வாசிக்கவில்லை, தடுக்கிறவனும் வாசிக்கவில்லை. சண்டை மட்டும் நடக்கிறது.

ஹிதாயத்திடம் எடுக்க வேண்டியது அந்தக் காதையும் அந்த ஐம்பது பிரதியையும்தான். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில் இருந்துகொண்டு வ.அ. இராசரத்தினம் ‘தோணி’ எழுதினார். சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிற ஒரு மீனவப் பொடியனின் ஆசை, ஈழத்துச் சிறுகதையில் நிலைத்துவிட்டது. அவருக்கும் இதே கடல்தான், இதே காற்றுதான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதுக்கு முதல் பாதையில் ஏறித்தான் ஊருக்கு வர வேண்டும். பாதைக்குக் காத்திருந்து கதைத்த கதைகள் எங்கே? மூத்தம்மாமார் பாடிய கவிகள் யாருடைய கொப்பியில் இருக்கு? 2004 சுனாமி, 2006 இல் ஊரை விட்டு நடந்த மூதூர்ச் சனம், 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து போன பள்ளிப் பிள்ளைகள். வருடத்துக்கு ஒருநாள் பதிவு போட்டு அழுகிறோம். ஒரு கதையாவது எழுதினோமா?

அந்தப் பாட்டுத் தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டு இருக்கிறார்கள். பாரிஸில் செத்தவனுக்காகக் கறுப்பு வெள்ளைப் படம் தேடுகிற நேரத்தில், போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மூத்தம்மாவிடம் போய் உட்காருங்கள். பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, பேச விடுங்கள்.