நாவலுக்குத் தடை வேண்டாம். ‘உண்மை’ப் பக்கத்துக்குக் கணக்கு வேண்டும்

பாரிஸ் நகரின் சான் சுல்பீஸ் தேவாலயம் ஒரு நாவலுக்கு மறுப்பு எழுதி வாசகர் கண்ணில் படும்படி வைக்க வேண்டியிருந்தது. தரையில் ஓடும் பித்தளைக் கோடு பழைய புறச்சமயக் கோயிலின் எச்சம் அல்ல, 18-ஆம் நூற்றாண்டில் வானியல் கணிப்புக்காகப் பதித்தது. சன்னல்களில் தெரியும் ‘பி’, ‘எஸ்’ எழுத்துகள் பேதுரு, சுல்பீஸ் என்னும் இரு புனிதர்களைக் குறிப்பவை, எந்த ரகசிய அமைப்பையும் அல்ல என்று அந்த அறிவிப்பு விளக்கியது. டான் பிரவுனின் ‘டாவின்சி கோட்’ நாவலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தேடி வந்தவர்கள் அத்தனை பேர். நல்ல கதை படித்த மகிழ்ச்சியில் வந்தவர்களும் உண்டு. படித்ததெல்லாம் நடந்தது என்று நம்பி வந்தவர்களும் உண்டு.

நம்பியவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2003 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நாவலில், கதை தொடங்கும் முன்பே ‘உண்மை’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. கதையில் வரும் ரகசிய அமைப்பான சீயோன் மடம் 1099-இல் நிறுவப்பட்ட நிஜமான அமைப்பு என்கிறது அது. அதன் ஆவணங்கள் 1975-இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன என்கிறது. நாவலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், ரகசியச் சடங்குகள் பற்றிய விவரிப்புகள் துல்லியமானவை என்று அந்தப் பக்கம் வாசகருக்கு உறுதி அளிக்கிறது. நாவல் வந்த காலத்தில் தொலைக்காட்சிப் பேட்டிகளிலும் பிரவுன் இதையே சொன்னார். 2025 செப்டம்பரில் வந்த அவருடைய ‘தி சீக்ரெட் ஆஃப் சீக்ரெட்ஸ்’ நாவலின் முகப்பிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. அதனால்தான் பழைய விவகாரம் என்று இதை ஒதுக்க முடியவில்லை. நாவல் எழுதும் உரிமையில் யாரும் கைவைக்கக் கூடாது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதியவரும் வெளியிட்டவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

சீயோன் மடத்தின் கதையைப் பாருங்கள். அது 1956-இல் தொடங்குகிறது. பியேர் பிளாந்தார் என்பவரும் அவருடைய நண்பர்களும் சுவிஸ் எல்லையை ஒட்டிய ஒரு பிரெஞ்சு ஊரில் முறைப்படி பதிவு செய்த மன்றம் அது. பக்கத்திலிருந்த சீயோன் குன்றின் பெயரைச் சூட்டினார்கள். மன்றத்தின் செய்திமடல் குறைந்த வாடகைக் குடியிருப்புகளின் உரிமை பற்றிப் பேசியது. 1960-களில் பிளாந்தாரும் அவருடைய கூட்டாளி பிலிப் த ஷெரிசேயும் பழைய ஏடுகள் போலத் தோற்றமளிக்கும் போலிகளை உருவாக்கினார்கள். லியொனார்டோ டாவின்சி, நியூட்டன், விக்டர் ஹியூகோ ஆகியோரை மடத்தின் தலைவர்களாகக் காட்டும் பட்டியலுடன் ஒரு கட்டு தேசிய நூலகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. தாம் மெரோவிஞ்சிய அரச மரபின் வாரிசு என்று நிறுவுவது பிளாந்தாரின் ஆசை. அந்த மரபை இயேசுவின் வம்சத்தோடு முடிச்சுப் போட்டது 1982-இல் லண்டனில் வெளியான ‘ஹோலி பிளட் அண்ட் தி ஹோலி கிரெயில்’ என்ற நூல். பிரவுன் எழுதத் தொடங்குவதற்கு வெகு முன்பே பிரான்சில் இந்தப் புரட்டு அம்பலமாகிவிட்டது.

இந்தச் சரக்கை வைத்துப் புனைவு எழுதுவதில் பிழையே இல்லை. உம்பெர்த்தோ எக்கோ 1988-இல் எழுதிய ‘ஃபூக்கோவின் ஊசல்’ இதே மண்ணிலிருந்து எழுந்தது. பதிப்பகத்தில் வேலை பார்க்கும் மூவர் விளையாட்டாக ஒரு மாபெரும் சதித்திட்டத்தைக் கற்பனை செய்கிறார்கள். அதை நிஜமென்று நம்பும் கூட்டம் அவர்களைத் துரத்துகிறது. கட்டுக்கதையை நம்புவதன் ஆபத்தையே எக்கோ கதையாக்கினார். பிரவுன் கட்டுக்கதைக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்தால் ஒன்று தெரியும். கதையில் வருவதுபோல் இயேசு மணமுடித்தார் என்றோ அவருக்குச் சந்ததி இருந்தது என்றோ அது சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போகாமல், அதற்குத் துணை நிற்கும் ஆவணங்கள், ஓவியங்கள் போன்றவற்றை மட்டும் உறுதி செய்கிறது. ஆனால் ஆவணங்கள் துல்லியம் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட்ட வாசகர், அந்த ஆவணங்களிலிருந்து பாத்திரங்கள் எடுக்கும் முடிவுகளையும் துல்லியம் என்றுதானே கொள்வார்? பிரிட்டனில் 2006-இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பு இதைக் காட்டியது. இயேசுவுக்குக் குழந்தை இருந்திருக்கலாம் என்று நம்பியவர்கள், நாவலைப் படிக்காதவர்களிடையே 30 சதவீதம். படித்தவர்களிடையே 60 சதவீதம்.

நீசேயா பொதுச்சங்கம் பற்றிய பகுதியும் இப்படித்தான் வேலை செய்கிறது. 325-இல் கூடிய ஆயர்கள், இயேசுவின் தெய்வத்தன்மையை நெருக்கமான வாக்கெடுப்பில் முடிவு செய்தார்கள் என்கிறார் நாவலில் வரும் வரலாற்றறிஞர் லீ டீபிங். உண்மையில் அந்தத் தெய்வத்தன்மை பற்றி ஆரியுஸ் என்பவர் எழுப்பிய சர்ச்சையில், ஏறக்குறைய 300 ஆயர்களில் இறுதிவரை ஒப்பமிட மறுத்தவர்கள் இருவர்தான். எந்த நற்செய்திகளை ஏற்பது என்ற பட்டியல் அங்கே தயாராகவே இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடி குறிப்பிடும் முதல் பட்டியல் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய மடலில் வருகிறது. டீபிங் கடைசியில் வில்லனாகிவிடுகிறாரே, வில்லனின் பேச்சை யார் நம்பச் சொன்னது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டீபிங் இதைச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆமோதிப்பவர் கதாநாயகர், ஹார்வர்டு பேராசிரியர் லாங்டன். வில்லன் வில்லனென்று தெரிவது பல அத்தியாயங்களுக்குப் பிறகு. அப்போதும் அவர் சொன்ன வரலாறு பொய்யென்று யாரும் திருத்துவதில்லை.

இதையெல்லாம் சொல்லி, வாசகர்கள் ஏமாளிகள் என்று தீர்ப்பெழுதிவிட்டு நகர்வதும் நியாயமல்ல. பல வாசகர்களை, குறிப்பாகப் பெண்களை, இந்த நாவல் பிடித்து உலுக்கியதற்கு ஒரு நிஜமான காரணம் இருந்தது. அதன் பெயர் மகதலா மரியா. இயேசுவின் சிலுவை அருகே நின்றவர், உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவர் என்று நற்செய்திகள் சொல்லும் அந்தப் பெண்ணை, 591-இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி தம் மறையுரை ஒன்றில், பெயர் சொல்லப்படாத பாவியான பெண்ணோடும் பெத்தானியா மரியாவோடும் ஒன்றாக்கினார். நற்செய்தியில் அதற்கு ஆதாரம் இல்லை. அதன் பிறகு மேற்குலக ஓவியத்திலும் பிரசங்கத்திலும் அவர் மனந்திரும்பிய விலைமகளாகவே வாழ்ந்தார். கத்தோலிக்கத் திருச்சபை தன் நாட்காட்டியில் இந்தக் குழப்பத்தை நீக்கியது 1969-இல். திருத்தூதர்களுக்குரிய விழா நிலைக்கு அவருடைய நாளை உயர்த்தியது 2016-இல், திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில். ‘மரியாவின் நற்செய்தி’ என்ற பழைய பிரதியின் ஏடுகள் 1896-இலேயே கெய்ரோவில் கிடைத்திருந்தும் அச்சேறியது 1955-இல்தான். அதில் பேதுரு அவரிடம் வாக்குவாதம் செய்கிறார். ஒரு பெண்ணுக்குத் தனியே போதிக்கப்பட்டதா என்று சந்தேகப்படுகிறார்.

சொல்லாமல் விட்டது திருச்சபை. அந்த வெற்றிடத்துக்குள்தான் நாவல் நுழைந்தது. நமக்கு வருத்தம் தருவது அது நுழைந்த விதம். நற்செய்தியில் மகதலா மரியா தன் சொந்த வாயால் சாட்சி சொன்னவர். நாவலில் அவர் ஒருவரின் மனைவி, ஒரு வம்சத்தின் தாய், புனிதக் குருதியைச் சுமந்த பாத்திரம். ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தில் இயேசுவின் அருகிலிருக்கும் தாடியில்லாத இளைஞர் யோவான் என்பதை, அக்கால ஃபுளோரன்ஸ் ஓவியர்கள் யோவானை அப்படித்தான் தீட்டினார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு, அங்கே மரியாவை உட்கார வைக்கிறது நாவல். பெண்ணுக்கு இடம் கொடுத்தது போலத் தோன்றும் இந்த ஏற்பாடு, அவர் பெற்றிருந்த இடத்தைக் குறைத்துவிட்டது. ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பில் அரை மணி நேரம் பேசினால் வாசகருக்கு இது விளங்கியிருக்கும்.

அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கச் சிலர் முன்வந்தார்கள். புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பார்ட் எர்மன் 2004-இல் தனி நூலே எழுதி, நாவலில் எது வரலாறு, எது இல்லை என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். நாவலில் வரும், அல்பினிசம் உள்ள கொலைகாரத் துறவியைத் தங்கள் உறுப்பினராகச் சித்திரித்ததால் புண்பட்ட ஓப்புஸ் தேயி என்னும் கத்தோலிக்க அமைப்பு, தங்களிடம் துறவிகளே இல்லை என்று விளக்கிக் கேள்விகளுக்கு இடம் கொடுத்தது. அல்பினிசம் உள்ளவர்களின் அமைப்புகள், தங்களை மீண்டும் மீண்டும் வில்லனாகக் காட்டும் வழக்கத்தைக் கண்டித்தன; அந்தக் கண்டனம் முழுக்க நியாயமானது. நாவல் படமானபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபே படப்பிடிப்புக்கு இடம் தர மறுத்தது. லிங்கன் பேராலயம் 1,00,000 பவுண்டு நன்கொடை பெற்றுக்கொண்டு இடம் கொடுத்தது. இரண்டும் அவரவர் உரிமை.

வேறு வகை எதிர்வினையும் வந்தது. ஜெனோவா பேராயராக இருந்த கர்தினால் பெர்த்தோனே 2005 மார்ச்சில், வாங்காதீர்கள், படிக்காதீர்கள் என்றார். லெபனான் 2004-இலேயே நாவலைத் தடை செய்திருந்தது. 2006 மே மாதம் படம் வந்தபோது இலங்கை அரசு அதைத் தடுத்தது. இந்தியாவில் தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்து, இது புனைவு என்ற அறிவிப்பைப் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் காட்டச் சொல்லி அனுமதித்தது. அதற்குப் பிறகும் தமிழ்நாடு, ஆந்திரம், நாகாலாந்து உள்ளிட்ட மாநிலங்கள் திரையிட அனுமதி மறுத்தன. தமிழ்நாடு அரசின் தடையை 2006 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் நீக்கினார். சட்டம் ஒழுங்கு கெடும் என்ற அச்சத்தைக் காட்டி, சான்றிதழ் பெற்ற படத்தை நிறுத்த முடியாது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ தமிழ்ப்பட வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நிலை இது. போராட்ட மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையைக் கைவிடுவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

தடை கேட்டவர்களின் மனவேதனையை நாம் சிறுமைப்படுத்தவில்லை. தெய்வமாக வணங்குபவரைப் பற்றி ஒரு கேளிக்கைக் கதை இப்படிப் பேசினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் தடை அந்த வலிக்கு மருந்தாகவில்லை. படிக்காதவருக்கும் படிக்கும் ஆவலை மூட்டியது. மறைக்க ஏதோ இருக்கிறது என்ற நாவலின் வாதத்துக்கே வலுச் சேர்த்தது. தடை கேட்கும் பழக்கம் ஒரு மதத்தோடு நிற்பதும் இல்லை. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கிளம்பிய எதிர்ப்பு, 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் எழுதுவதையே விட்டுவிட்டதாக அறிவிக்கும் அளவுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது 2016 ஜூலையில். இடையில் போன ஒன்றரை ஆண்டுகளைத் தமிழுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

லண்டனில் நடந்த வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1982 நூலின் ஆசிரியர்களில் இருவர், தங்கள் நூலின் அடிப்படையையே பிரவுன் எடுத்துக்கொண்டார் என்று வழக்குத் தொடுத்து 2006 ஏப்ரலில் தோற்றார்கள். வரலாறு என்று உலகுக்குச் சொல்லி விற்ற கருத்தைத் தனிச்சொத்தாக உரிமை கோருவதில் இருந்த சிக்கலிலிருந்து அவர்களால் மீள முடியவில்லை. அதே சிக்கல் பதிப்பகத்துக்கும் உண்டு. வழக்கு வந்தால் புனைவு என்பதும், விற்கும்போது உண்மை என்பதும் ஒன்றாக நிற்காது.

எனவே நாம் கேட்பது எளிது. ‘உண்மை’ப் பக்கத்தை நீக்குங்கள், நீக்க மனமில்லையென்றால் நூலின் முடிவில் எது ஆவணம், எது போலி, எது கற்பனை என்று சொல்லும் பின்குறிப்பைச் சேருங்கள். ஹிலாரி மான்டெல் தம் வரலாற்று நாவலுக்கு அப்படியொரு குறிப்பு எழுதினார். கதையின் சுவை அதனால் குறையவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பை வெளியிடுபவர்களுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. மூல ஆசிரியரின் பக்கத்தில் அவர்கள் கைவைக்க முடியாமல் இருக்கலாம். பதிப்பாளர் குறிப்பு என்று இரண்டு பக்கம் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. பங்குகளில் மறைக்கல்வி நடத்துபவர்கள் நாவலின் பெயரையே எடுக்காமல் தவிர்ப்பதை விட்டு, 591-இல் மகதலா மரியாவுக்கு நடந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லட்டும். நாவலைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்குத் திட்டு விழாமல் பதில் கிடைக்கட்டும்.