கடைசி நாள் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டின் குடியுரிமையையும் பெற்றுவிட்ட நம்மவர்களிடம் ஒரு விசித்திரமான போக்கைக் காண்கிறோம். நவம்பர் மாதப் பொதுத் தேர்தலைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக நடைபெறும் 'பிரைமரி' என்னும் வேட்பாளர் தேர்வுத் தேர்தலைப் பற்றிக் கேட்டாலோ, "அது கட்சிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று கையை உதறிவிடுவார்கள். சட்டியை இறக்கிய பிறகு உப்புப் போதவில்லை என்று முகம் சுளிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நம் நாட்டில் வேட்பாளர் யாரெனக் கட்சித் தலைமை அறிவிக்கிறது. அங்கே அதைப் பெரும்பாலும் வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். ஒரே கட்சியின் கை ஓங்கிய தொகுதிகளில் உண்மையான தேர்தல் பிரைமரிதான். 2018 ஆகஸ்ட் 7 அன்று மிச்சிகன் மாநிலத்தில், பாலஸ்தீன வம்சாவளியினரான ரஷீதா தலைப் ஏறத்தாழ 900 வாக்குகள் வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றார். நவம்பரில் அவரை எதிர்த்துக் குடியரசுக் கட்சி வேட்பாளர் எவரும் நிற்கவில்லை. அந்த 900 என்பது என்ன? ஒரு பெரிய பள்ளிவாசலின் ஜும்ஆக் கூட்டம்! அத்தனை பேர் அன்று வீட்டிலிருந்திருந்தால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நுழைந்த முதலிரு முஸ்லிம் பெண்களுள் ஒருவராக அவர் ஆகியிருக்க முடியாது.

"போக நினைத்தோம், அன்று வேலை" என்பது அடுத்த சாக்கு. அந்தச் சாக்குக்கும் இப்போது இடமில்லை. மிச்சிகன் மக்கள் 2022 நவம்பரில் மாநில அரசியலமைப்பையே திருத்தி, குறைந்தது ஒன்பது நாட்கள் முன்கூட்டியே வாக்களிக்கும் உரிமையைப் பெற்றனர். நியூயார்க்கிலும் ஒன்பது நாட்கள் உண்டு. 2025 ஜூன் 24 அன்று அந்நகரில் மேயர் பதவிக்கான பிரைமரி நடந்தபோது வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிக் கொளுத்தியது. முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அந்த வெயிலில் வரிசையில் நிற்க முடியுமா? ஆனால் அதற்கு முன்பே, ஜூன் 14 முதல் 22 வரையில், 3,80,000க்கு மேற்பட்டோர் வாக்களித்து முடித்திருந்தனர். 2021ஆம் ஆண்டில் அவ்வாறு வாக்களித்தோரைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. அந்தப் பிரைமரியில் வென்ற ஸொஹ்ரான் மம்தானி, 2026 ஜனவரியில் நியூயார்க்கின் முதல் முஸ்லிம் மேயராகப் பொறுப்பேற்றார். அவருடைய கொள்கைகள் யாவும் நமக்கு உடன்பாடா என்பது வேறு கேள்வி.

முந்தி வாக்களிப்பதில் இடர் இல்லாமலில்லை. 2020 மார்ச்சில், பல மாநிலங்கள் வாக்களிக்கும் பெருநாளுக்குச் சற்று முன்னர் பூட்டிஜெஜ், குளோபுச்சார் ஆகிய இருவரும் போட்டியிலிருந்து விலகினர். அவர்களுக்கு முன்பே இடப்பட்ட வாக்குகள் வீணாயின. ஆகவே மனம் ஊசலாடுகிறவர் முதல் நாளே ஓட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் வரை யோசிக்கட்டும். ஆனால் மனத்தில் முடிவு கண்டவர் எதற்காகக் காத்திருக்கிறார்? பாங்கொலி கேட்டும் அசையாமல், வக்து முடியப் போகையில் ஒளுவுக்கு ஓடும் பிள்ளையை நம் வீட்டு உம்மாமார் என்ன சொல்லி ஏசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

இன்னும் சிலர், கட்சியின் பெயரில் பதிந்துகொண்டால் சாயம் பூசப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள். வீண் அச்சம். அந்தப் பதிவுக்குச் சந்தா இல்லை. நவம்பரில் அதே கட்சிக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் பதியாதவருக்கு நியூயார்க் பிரைமரியில் கதவு அடைபட்டிருக்கும்.

இதை வாசிக்கும் குடும்பங்களில் மகனோ மருமகனோ அங்கே குடிமக்களாக இருப்பின், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது பேரப்பிள்ளைகளின் நலத்தோடு இதையும் விசாரியுங்கள். பெண்மக்களையும் விட்டுவிடாமல் கேளுங்கள். கணவரின் வாக்கே குடும்பத்தின் வாக்கு என்றெண்ணும் வீடுகள் அங்கும் உண்டு. நியூயார்க்கில் ஏற்கெனவே பதிந்திருப்பவர் ஜூன் பிரைமரிக்காகக் கட்சியை மாற்றிக்கொள்ளப் பிப்ரவரி 14 கடைசி நாள்.