பிறந்த மண்ணில் அயலார்

தமிழகத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் வரை 'வெளிநாடு வாழ் இந்தியர்' என்னும் பெயரால் ஒதுக்கப்படுகின்றன. கடல் கடந்து வாழ்வோரின் பிள்ளைகள்பால் காட்டும் பரிவு என்று இதற்கு விளக்கம் கூறுவர். பரிவுதானா?

2005ஆம் ஆண்டு இனாம்தார் வழக்கில் உச்சநயன்மன்றத்தின் எழுவர் அமர்வு இவ்வொதுக்கீட்டுக்கு வரம்பு கட்டிற்று. 15 விழுக்காட்டை அது தாண்டலாகாது. உண்மையாகவே வெளிநாட்டில் வாழ்வோரின் பிள்ளைகட்கே உரியது. தகுதியை முற்றும் கைவிடலாகாது. பெறும் பணம் நலிந்தோர் பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்பட வேண்டும். அப்பணத்தால் மருத்துவரான ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கல்லூரிகள் கணக்குக் காட்டட்டும்!

2024இல் பஞ்சாபு அரசு இந்த வரம்பையும் உடைக்கப் பார்த்தது. சிற்றப்பன், தாய்மாமன், அத்தை, பாட்டன் என எவரேனும் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாற் போதும், ஊர் எல்லை தாண்டாத பிள்ளையும் 'வெளிநாட்டார்' ஆகிவிடலாம் என்று அறிவித்தது. அம்மாநில உயர்நயன்மன்றம் அதனை நீக்கிற்று. மேல்முறையீட்டுக்கு ஓடிய அரசை உச்சநயன்மன்றமும் இஃது ஏமாற்று என்றே கடிந்து திருப்பிற்று.

அரசுப் பள்ளிப் பிள்ளைகட்கு 7.5 விழுக்காடு பெறுவதற்கோ 2020இல் தமிழகம் ஆளுநரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. இரண்டும் வேறு வேறு இடங்களின் மேல் கணக்கிடப்படுவன எனினும், ஏழைக்குப் பாதியளவும் எளிதிற் கிட்டவில்லை என்பது கண்கூடு.

வெளிநாட்டுத் தமிழர்பால் பரிவு மெய்யானால், அது முதற்கண் எட்டியிருக்க வேண்டியவர் யார்? 1983ஆம் ஆண்டு இனக்கொலைக்குப் பின் ஈழத்தினின்று உயிர்தப்பி வந்தோரின் வழியினர் அல்லரோ! அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் அடைந்து வாழ்கின்றனர். 2021இல் அவை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பெற்றன. 'முகாம்' தமிழன்று என்பது ஒருபுறம் இருக்க, பெயர் மாறியதேயன்றி மறுவாழ்வு வரவில்லை.

1987 சூலைக்குப் பின் இம்மண்ணிற் பிறந்தோர்க்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராக இல்லையேல், பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019இல் தில்லி இயற்றிய குடியுரிமைத் திருத்தமும் ஈழத்தமிழரை விலக்கிவிட்டது. ஆகவே இங்கேயே பிறந்து, இங்கேயே அரசுப் பள்ளியில் தமிழ்வழி பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அரசு மருத்துவ இடம் அடைபட்ட கதவு. கலை, அறிவியல், பொறியியற் கல்லூரிகளில் நுழைய அவளுக்கு வழியுண்டு. மருத்துவத்துக்கு மட்டும் அவள் அயலாள். அயலார்க்கென வைத்த இடத்தில் நுழைவதற்கோ, சுவருக்கு வண்ணம் பூசிப் பிழைக்கும் தந்தையின் நாட்கூலி போதாது.

நலிந்தோர்க்குப் பயன்படுத்துமாறு நயன்மன்றம் பணித்த அந்தப் பணத்தைக் கொண்டு, முகாம்வாழ் பிள்ளைகட்குக் கல்லூரிதோறும் ஓரிடமேனும் தரச்செய்ய வேண்டும். தமிழக அரசு அதனைக் கேட்கட்டும். குடியுரிமை தடை என்று தில்லி சொல்லுமாயின், அக்குடியுரிமையையும் சேர்த்தே கேட்கட்டும்.