சுருக்கம் நமக்கு, முழு அறிக்கை யாருக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு அருகே, எளாவூர் போன்ற ஊர்களில் புதிய ஆலைக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி தமிழில் தரவேண்டியது சுருக்கம் மட்டுமே. நிலத்தடி நீர், புகை, கழிவு பற்றிய விவரமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். 2020 வரைவு அறிவிக்கையை 22 மொழிகளில் வெளியிட தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இன்று அந்த அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவு எளிய தமிழில் சொல்லிவிடும். பயன்படுத்துவோம்; படிப்பைப் பூட்டி வைத்ததுதானே சாதி! ஆனால், எந்திரம் ஓர் எண்ணை மாற்றினால் பொறுப்பேற்க யாருமில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது நாம்.

எனவே மூலத்தோடு சரிபார்த்துக் கேள்வி கேட்போம். முழு அறிக்கையையும் தமிழில் பொறுப்பேற்றுத் தருவது அரசின் கடமை, செயலியின் வேலையல்ல.