பரம்பரையில் இல்லை என்கிறோமே!

சில மாதங்களுக்கு முன்னர், எம்மவர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பு உதவியாக ரொறன்ரோவில் குடும்ப வைத்தியர் ஒருவரிடம் சென்றிருந்தோம். "குடும்பத்தில் எவருக்கேனும் நீரிழிவு உண்டா?" என வைத்தியர் வினவினார். "இல்லை" என்றார் இவர். நாமும் அவ்வண்ணமே மொழிபெயர்த்தோம். வெளியே பஸ்ஸிற்குக் காத்து நின்றபோது, ஊரில் தம் தமக்கையாருக்குச் சலரோகத்தால் கால்விரல்கள் அகற்றப்பட்டதைப் பேச்சுவாக்கில் கூறினார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டோம். "மாஸ்டர், எனக்கு ரெண்டு குமர்ப்பிள்ளையள் இருக்கினம். கதை வெளியாலை போனால்?" என்றார்.

அவரது சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றோம். அவரைக் குறை கூறுவதற்கில்லை. சம்பந்தம் பேசுகையில் சாதகத்தோடு சலரோகத்தையும் விசாரிக்கும் சமூகம் நாம். 'பரம்பரை வருத்தம்' என்பது எம்மிடையே ஒரு தீர்ப்பாகவே வழங்கி வருகின்றது. அது தீர்ப்புத்தானா?

வளர்ந்தோரைப் பெரிதும் பீடிக்கும் இரண்டாம் வகை நீரிழிவையே இங்கு குறிப்பிடுகின்றோம். இதனைத் தோற்றுவிப்பது ஒரு தனிப் பரம்பரையலகு அன்று. இதனோடு தொடர்புடைய 600க்கும் மேற்பட்ட இடங்கள் எமது மரபுப்பொருளில் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறிதளவே பங்களிக்கின்றன. பரவலாகக் காணப்படுபவற்றுள் வலிமை மிக்கது, 2006ஆம் ஆண்டு ஐஸ்லாந்து ஆய்வாளர் கண்டறிந்த ரி.சி.எஃப்.7எல்.2 என்னும் பரம்பரையலகின் ஒரு வேறுபாடு. சதையியில் இன்சுலின் சுரப்பதை அது தளர்த்துகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்றவருக்கு, அதனைப் பெறாதவரைவிட நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். இருந்தும், அவ்வாறு பெற்றவர்களிற் பலர் நோயின்றியே வாழ்கின்றனர்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீமா எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மரபால் அவர்களுக்கு மிக நெருங்கிய பீமா மக்கள் மெக்சிக்கோவின் மலைக் கிராமங்களில் உடலை வருத்திப் பயிர் செய்து வாழ்ந்தனர். இரு சாராரையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியாயிற்று. அரிசோனாவில் வளர்ந்தோருள் 38 வீதமானோருக்கு நீரிழிவு, மெக்சிக்கோவிலோ 6.9 வீதமானோருக்கு மட்டுமே. குருதி ஒன்றுதான், வாழ்வுதான் வேறு.

இதனை வாசிக்கையில் எமக்கு எம்மவர் நினைவே வந்தது. தோட்டத்திற்குத் துலா மிதித்து இறைத்த கைகால்கள் இன்று தொழிற்சாலையில் ஓரிடத்தில் நின்று இரவு வேலை செய்கின்றன. சோற்றின் அளவு மாத்திரம் குறையவில்லை! ஒன்ராறியோவில் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோரிடையே நீரிழிவு, ஏனையோரிடத்தைவிடப் பெரிதும் கூடுதலாகவே உள்ளது.

அமெரிக்காவில் நோயின் விளிம்பில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரத்திற்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து, உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைக்க முயன்றனர். அவர்களிடையே நோய் புதிதாகத் தோன்றுவது 58 வீதத்தாற் குறைந்தது. மேற்சொன்ன பரம்பரையலகு வேறுபாட்டை இரு பக்கத்தாலும் பெற்றிருந்தோரும் இப்பயனை அடைந்தனர் என்பது 2006இல் தெரியவந்தது. எனவே, பெண் கேட்டு வருவோர் அஞ்சுவதற்கு இதில் என்ன இருக்கின்றது?

மறைப்பதாலோ நட்டம் பெரிது. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என அறிந்த வைத்தியர், முன்கூட்டியே இரத்தத்தைச் சோதிப்பார். 'இல்லை' என்ற பதிலைக் கேட்டவர் காத்திருப்பார். நோயாளி கூறுவதை வைத்தியர் வெளியிடலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம். மொழிபெயர்க்கச் செல்லும் எம்போன்றோரும் வாயைக் கட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எம்முட் பலரது தந்தையர் நாற்பது வயதைக் காணவில்லை. செல்லடியிலும் குண்டுவீச்சிலும் மாண்டவர்களுக்குச் சலரோகம் வந்திருக்குமா என்பதை எவரும் அறியார். அவர்களின் பிள்ளைகள் வைத்தியரிடம் 'இல்லை' என்று கூறுவது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று. "தந்தை இளமையிலேயே போரில் இறந்தார், எமக்குத் தெரியாது" என்றே அவர்கள் சொல்லவேண்டும். சொல்லி, இரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறவேண்டும்.