கடல் வடிகால் வழியாகவும் வரும்: போர்ட்டிக்சன் தோட்டப்புறத் தமிழர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

கடல் அரிப்பு என்றால் அது மீனவர்கள் பாடு, தோட்டத்துக்காரர்களுக்கு என்ன சம்பந்தம்? நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இப்படி ஒரு கேள்வி எழுவது இயல்புதான். சுவா பெத்தோங், தானா மேரா, சுங்காலா, அத்தர்டன், லிங்கி எனத் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறை பால்மரம் போய் செம்பனை வந்ததைப் பார்த்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானதையும், பிள்ளைகள் போர்ட்டிக்சன், லுக்குட், சிரம்பான் பக்கம் வீடு தேடிப் போனதையும் பார்த்தது. அவர்களுக்குக் கடல் என்பது விடுமுறை நாளில் தெலுக் கெமாங்கில் குளிப்பதோடு முடிந்துபோகும்.

ஆனால் மாநிலத்தின் கடற்கரை முழுவதும் இந்தப் போர்ட்டிக்சன் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தோட்ட வேலையை விட்டவர்களில் பலருக்குச் சோறு போடுவதும் அந்தக் கரைதான்: தங்கும் விடுதிகள், உணவுக் கடைகள், கரையோர ஆலைகள். மணல் போனால் சுற்றுப்பயணி போவார். அவரோடு வேலையும் போகும்.

நாட்டின் நிலவரம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. 1980-களின் நடுப்பகுதியில் நடந்த முதல் தேசியக் கடலோர அரிப்பு ஆய்வு, மலேசியக் கரையில் சுமார் 29 விழுக்காடு அரிக்கப்படுவதாகக் கண்டது. 2015-ஆம் ஆண்டு ஆய்வு 8,840 கிலோமீட்டர் கரையில் ஏறக்குறைய 1,348 கிலோமீட்டர் அரிப்புக்கு உள்ளாவதாகச் சொன்னது. விழுக்காடு 15 எனக் குறைந்ததைப் பார்த்து யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். இரண்டாம் ஆய்வில் கணக்கில் எடுத்த கரையின் நீளமே ஏறக்குறைய இரு மடங்கு. கிலோமீட்டரில் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை.

கடல் மட்டத்தின் கதை வேறு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்று ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு 2021-இல் அறிவித்தது. 2006-க்குப் பிந்திய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். கேட்க அற்பமாகத் தோன்றும். இந்தச் சில மில்லிமீட்டர் தோட்டப்புறத்தை எப்படித் தொடுகிறது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம்.

தாழ்வான தோட்டமோ குடியிருப்போ, அதன் வடிகால் கடைசியில் ஓர் ஆற்றில் விழுகிறது. ஆறு கடலில் விழுகிறது. கடல் வற்றும் நேரத்தில்தான் நீர் தடையின்றி இறங்கும். பெருக்கு நேரத்தில் ஆற்று முகத்துவாரம் நிரம்பி நிற்கும், அல்லது மதகை மூடி வைக்க வேண்டும். கடல் மட்டம் கூடக் கூட, நீர் வடியக் கிடைக்கும் நேரம் சுருங்கும். சிரம்பான், ரந்தாவ் பக்கம் கொட்டும் மழை லிங்கி ஆற்றில் இறங்கி வரும் வேளையும் கடல் பெருக்கும் ஒன்றாகச் சேர்ந்தால், கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டிலும் தண்ணீர் தேங்கலாம். அதற்குக் கடல் அலை வீட்டுக்கு வர வேண்டியதில்லை. கீழ்ப்பகுதிகளில் உப்புநீர் ஏறினால் செம்பனையும் காய்ப்புக் குறையும்.

அப்படியானால் சுவர் கட்டிவிட்டால் போகிறது என்று தோன்றும். புதுச்சேரி அந்தப் பாடத்தைக் கற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அங்கே 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. நகரின் கடற்கரை காணாமல் போனது. கரையைக் காக்கப் பாறைகள் கொட்டினார்கள். அரிப்பு நிற்காமல், வடக்கே பொம்மையார்பாளையம் போன்ற தமிழக மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. பின்னர் 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பிறகே நகரக் கரையின் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. ஒரு விடுதி தன் முற்றத்தைக் காக்கக் கட்டும் சுவர் பக்கத்துக் கரையின் மணலைப் பறிக்கலாம். போர்ட்டிக்சனில் எந்தக் கட்டுமானம் வந்தாலும், அடுத்த கரைக்கு என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கேட்பதற்கு வழியும் உண்டு. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 1997-ஆம் ஆண்டு வழிகாட்டி, மணற்கரையில் உச்ச நீர்மட்டக் கோட்டிலிருந்து 60 மீட்டரும், சேற்றுக்கரையில் அலையாத்திக் காட்டின் கடல்பக்க விளிம்பிலிருந்து 400 மீட்டரும் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டிதான். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது, கட்டட அனுமதி நகராண்மைக் கழகத்தின் கையில். ஆகவே அந்த 60 மீட்டர் காக்கப்படுகிறதா என்பது பெரிதும் உள்ளூர்க் கண்காணிப்பைப் பொறுத்தது.

1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட கடல் நிரப்புத் திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையும் 2015 ஆணையின்கீழ் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அந்த வரைபடங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும், தொழில்நுட்ப நடையில் இருக்கும். தோட்டத்தில் வளர்ந்த முதியவர் அலுவலகத்துக்குப் போய் அதைப் புரட்டி, நான்கு வாரத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது வெறும் சடங்கு. உள்ளூர்த் தமிழர் அமைப்புகள், ஆலய நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வரைவு வெளியான முதல் வாரமே அதன் சுருக்கத்தைத் தமிழில் தந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் வரும்.

அன்றாட எச்சரிக்கைக்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கடல் பெருக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே உச்சம் தொடும். அந்த நாட்கள் ஒவ்வொரு வீட்டுத் தமிழ் நாட்காட்டியிலும் இருக்கின்றன. அந்த நாட்களில் கனமழை எச்சரிக்கையும் வந்தால், வடிகால் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் ஆற்று நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, வாகனத்தையும் ஆவணங்களையும் மேட்டுக்கு மாற்றிவிடலாம். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மாதம் ஒருமுறை கரையில் ஒரே இடத்திலிருந்து, ஒரே நிலைக் குறியை வைத்து, மணலின் அகலத்தை அளந்து படம் எடுத்து வைத்தால், ஐந்தாண்டில் அது நகராண்மைக் கழகத்தின் முன் வைக்கக்கூடிய ஆதாரமாகும். மணல் அகலம் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும் என்பதால், ஒரு படம் போதாது. வரிசையாக எடுத்திருக்க வேண்டும்.