கூடாரம் எங்கே போடுவது?

பறவை பார்க்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. நல்லவர்கள், விடியுமுன் எழுகிறவர்கள், ஓர் எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள். அதனால்தான் சண்டை போடத் தோன்றுகிறது. பொல்லாதவர்களோடு வாதாடி என்ன பயன்?

மணலி புதுநகரில் குடியிருக்கும் என்னைக் கண்டிக்கோட்டைக்கு வரும்படி சில நண்பர்கள் அழைத்தார்கள். கடப்பைச் சீமையில், வடபெண்ணை ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கு அது. விளிம்பில் கூடாரம் அடித்து, இரண்டு இரவு தங்கிப் பறவை பார்ப்பதாகத் திட்டம். பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. 1900க்குப் பிறகு நிபுணர் கண்ணில் படாமலே போன ஜெர்டன் கோர்சர் என்ற பறவை, 1986ல் அந்த வறண்ட மாவட்டத்தில்தான் மீண்டும் அகப்பட்டது. அதைப் பிடித்துக் கொடுத்தவர் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். பறவையின் விலாசம் பக்கத்தில் வாழ்கிறவனுக்குத்தான் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். கண்டிக்கோட்டைக்குப் போகும் அந்தக் கூடாரங்களில் ஒன்றாவது எண்ணூர்க் கழிமுகத்துக்கு வரக் கூடாதா?

"அங்கே என்ன சார் இருக்கிறது? புகை, சாம்பல், நாற்றம். மனசுக்கு அமைதி வேண்டாமா?" என்கிறார்கள்.

அமைதி உங்களுக்கு வேண்டும். பறவைக்கு வேண்டியது நண்டும் புழுவும் மீனும். அவை கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் சேற்றில் இருக்கின்றன. ஆகவே ஆலைப் புகைக்கூண்டுகளின் நிழலிலும் பூநாரை வந்து நிற்கிறது, உள்ளான் ஓடுகிறது, கூழைக்கடா மிதக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் கறுத்துப் போயின. எண்ணெய் ஏறிய இறகில் நீர் புகுந்துவிடும். அதை அலகால் கோதினால் விஷம் வயிற்றுக்குள் போகும். மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினார்கள். அவர்கள் வலையும் படகும் அதே கறுப்பில் கிடந்தன.

இதற்குப் பைனாகுலர் என்ன செய்யும் என்று கேட்கலாம். செய்யும். ஆறும் சேறும் காகிதத்தில் வெறும் தரிசாகத்தான் தெரிகின்றன. அங்கே எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை வந்தது என்று வருஷக்கணக்காக எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இருந்தால், அந்தத் தரிசு பேச ஆரம்பிக்கும். கணக்கில் இல்லாத பறவைக்கு வழக்கில் இடம் கிடையாது.

அழகான இடத்தில் மட்டும் சுரக்கும் அன்புக்குப் பறவையின் பேரைச் சூட்டாதீர்கள். அதற்கு உல்லாசப் பயணம் என்று நல்ல பெயர் இருக்கிறது. தை மாதத்தில் வாருங்கள். நீர் வற்றும் நேரத்தை மீனவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது எண்ணுங்கள்.